‘போகலாமா?’ ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? எஸ்பிஎம் மாணவர்களுக்குச் சில குறிப்புகள்

கோலா தெர்லா: வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கடைத்தெருவில் இரண்டும் கலந்த பேச்சு. கேமரன் மலையில் கோலா தெர்லா, திரிங்காப், கம்போங் ராஜா வட்டாரப் பிள்ளைகளில் பலர் இப்படித்தான் வளர்கிறார்கள். ஆங்கிலக் கட்டுரையை எழுதிவிடும் பிள்ளைகூட, எதிரில் இருப்பவரிடம் ஆங்கிலத்தில் ஒரு யோசனை சொல்லத் தயங்கும்.

அந்தத் தயக்கம் இன்று மதிப்பெண்ணைப் பாதிக்கும். 2021 முதல் எஸ்பிஎம் ஆங்கிலத்தில் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என 4 தாள்கள் உள்ளன. பேச்சுத் தேர்வின் 3-ஆம் பகுதியில் மாணவர்கள் ஒரு தலைப்பைக் கலந்துபேசி முடிவெடுக்க வேண்டும். யோசனை சொல்லவும் அதற்குப் பதில் கூறவும் தெரியாமல் அங்கே பேச முடியாது.

யோசனை சொல்லும்போது

தமிழில் ‘போகலாமா’, ‘பார்க்கலாமா’ என்று வினையோடு ‘லாமா’ சேர்த்தால் போதும். ஆங்கிலத்தில் பல வழிகள் உண்டு. ‘லெட்ஸ்’, ‘ஷல் வீ’, ‘வை டோன்ட் வீ’ ஆகியவற்றின் பின் வினைச்சொல் மாறாமல் வரும்: ‘ஷல் வீ கோ?’ ஆனால், ‘ஹவ் அபவுட்’ என்று தொடங்கினால் வினையோடு ‘இங்’ சேர்ப்பது வழக்கம்: ‘ஹவ் அபவுட் கோயிங்?’

நம் மாணவர்கள் அதிகம் தவறுவது ‘சஜஸ்ட்’ என்ற சொல்லில். ‘ஐ சஜஸ்ட் யூ டு கோ’ என்பது பிழை. ‘ஐ சஜஸ்ட் வீ கோ’ அல்லது ‘ஐ சஜஸ்ட் கோயிங்’ என்பதே சரி.

‘வை டோன்ட் யூ சிட் டவுன்?’ என்று ஒருவர் சொன்னால், ‘ஏன் உட்காரவில்லை?’ என்று கோபிப்பதாக எண்ண வேண்டாம். ‘உட்காருங்களேன்’ என்பதே அதன் பொருள்.

‘யூ பெட்டர் கோ’ என்பது யோசனை அல்ல. ‘போய்விடு, இல்லாவிட்டால் சிக்கல்’ என்ற எச்சரிக்கையாக ஒலிக்கும். ஆசிரியரிடமோ முதலாளியிடமோ ‘மேபி வீ குட்’ என்று தொடங்கினால் பணிவாக இருக்கும்.

பதில் சொல்லும்போது

பெரியவர்கள் சொன்னால் மறுத்துப் பேசக்கூடாது என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு ‘சரி’ என்று தலையாட்டுவது எளிது. தேர்வில் தலையாட்டலுக்கு மதிப்பெண் கிடையாது. காரணத்தைச் சொல்ல வேண்டும். பள்ளிச் சுற்றுலா பற்றிய இந்த உரையாடலைப் பாருங்கள்:

– வை டோன்ட் வீ விசிட் அ டீ ஃபேக்டரி?

– தட்ஸ் அ குட் ஐடியா, பட் மெனி ஆஃப் அஸ் லிவ் நியர் ஒன். ஹவ் அபவுட் கோயிங் டு த பீச்? வாட் டூ யூ திங்க்?

இரண்டாமவர் முதலில் நண்பரின் யோசனையை மதிக்கிறார். பிறகு மறுப்புக்குக் காரணம் சொல்கிறார். உடனே வேறொரு யோசனை தந்து, நண்பரின் கருத்தையும் கேட்கிறார். இந்த வரிசை பழகிவிட்டால் பேச்சு பாதியில் நிற்காது.

இதற்கு டியூஷன் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை என்ன சமைக்கலாம், எப்போது சந்தைக்குப் போகலாம் என்பதை அண்ணன் தங்கைகள் தினமும் 5 நிமிடம் ஆங்கிலத்தில் பேசி முடிவு செய்யலாம். இலக்கணம் தவறினாலும் பெற்றோர் சிரிக்காமல் இருந்தால் போதும். நாளை ஹோட்டல் வேலைக்கான நேர்முகத்திலும் இதே வாக்கியங்கள் கைகொடுக்கும்.