கதவைச் சாத்திக்கொண்டு நடந்த ஏலம்

ஏலம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கடற்கரை மீன் ஏலமும் அடகு நகை ஏலமும்தான். ஆள் கூடக்கூட விலை ஏறும் என்பது வியாபாரிகளின் பழைய கணக்கு. ஆனால் 2022 மே 5ஆம் திகதி ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், மெர்சிடிஸ் பென்ஸ் கம்பனியின் அருங்காட்சியகத்தில் நடந்த ஏலம் வேறு மாதிரி. பத்திரிகை விளம்பரம் இல்லை. அழைக்கப்பட்ட சேகரிப்பாளர்கள் மாத்திரமே வரலாம். விற்கப்பட்டது ஒரே ஒரு கார். போன விலை 135 மில்லியன் யூரோ! அதற்கு முன் ஏலத்தில் சாதனையாக இருந்த 1962ஆம் ஆண்டு பெராரி 250 ஜீ.டி.ஓ. கார் 2018இல் 48.4 மில்லியன் டொலருக்குத்தான் போயிருந்தது.

1955இல் செய்யப்பட்ட 300 எஸ்.எல்.ஆர். கூப்பே என்ற அந்தக் காரில் மொத்தமே இரண்டுதான் உண்டு. பறவைச் சிறகு போல மேல்நோக்கித் திறக்கும் கதவுகள், மூன்று லீட்டர் எஞ்சின், மணிக்கு 290 கிலோமீட்டர் வரை ஓட்டம். பந்தயத்துக்கென்று உருவாக்கப்பட்டாலும் ஒரு பந்தயத்திலும் அது ஓடவில்லை. அந்த வருடம் ஜூன் மாதம் பிரான்சின் லு மான் பந்தயத்தில் நடந்த விபத்தில் எண்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வருட முடிவில் கம்பனி பந்தயத்தையே விட்டு விலகியது. சும்மா நின்ற காருக்குப் பெரிய சைலன்ஸர் ஒன்றைப் பூட்டி, அதை வடிவமைத்த பொறியியலாளர் ருடோல்ப் உலன்ஹாட் கந்தோர் வாகனமாகப் பாவித்தார்.

விலைக்குக் காரணம் அருமை மட்டுமல்ல. பழைய கார் வியாபாரத்தில் பெரிய தலையிடி, எஞ்சின் மாற்றியதா, பொடி புதிதாக அடித்ததா என்ற சந்தேகம்தான். மாணிக்கக்கல் வியாபாரம் செய்பவர்களுக்கு இது நன்றாக விளங்கும். இந்தக் கார் செய்தவன் கையை விட்டு 67 வருடம் வெளியே போகவே இல்லை. அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? விற்பவருக்குப் பண நெருக்கடியும் இல்லை. வாங்கியவருக்காக விலை கேட்ட சைமன் கிட்ஸ்டன் என்ற பிரித்தானிய வியாபாரி, கம்பனியைச் சம்மதிக்க வைக்கவே ஒன்றரை வருடம் அலைந்ததாகச் சொன்னார்.

ஏலம் நமது மார்க்கத்தில் தடையல்ல. நபி (ஸல்) அவர்கள் ஓர் அன்சாரித் தோழரின் விரிப்பையும் கிண்ணத்தையும் ஏலத்தில் விற்றுக் கொடுத்த செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. தடுக்கப்பட்டது 'நஜ்ஷ்', அதாவது வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிவிடுவது. நானும் ஒருமுறை பழைய வேன் ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். எனக்குப் போட்டியாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் விற்றவரின் மச்சான் என்பது காசு கட்டிய பிறகுதான் தெரிந்தது. ஆளைத் தெரிந்து அழைத்தால் இந்த மாதிரி வேலைக்கு இடம் குறைவு என்று முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், மூடிய கதவுக்குள் யார் யாருக்காகக் கேட்டார் என்பதை வெளியில் நிற்பவன் எப்படி அறிவான்?

ஸக்காத் விடயமும் இருக்கிறது. சொந்தப் பாவனைக் காருக்கு ஸக்காத் இல்லை. விற்கும் நிய்யத்தில் வாங்கியதென்றால் அது வியாபாரப் பொருள், வருடா வருடம் சந்தை விலையில் நூற்றுக்கு இரண்டரை. இந்தக் காரின் விலைக்குக் கணக்குப் பார்த்தால் 33 இலட்சத்து 75 ஆயிரம் யூரோ! ஓட்டவும் மாட்டேன், விற்கவும் மாட்டேன், விலை ஏறட்டும் என்று பூட்டி வைப்பவர் எந்தப் பக்கம்? நமது ஊரில் காணியையும் இப்படித்தான் பலர் வைத்திருக்கிறார்கள். உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும்.

ஏலப் பணத்தைக் கம்பனி தன் கணக்கில் போடவில்லை. சுற்றாடல் துறையில் படிக்கும் மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் நிதியம் தொடங்கியது. வாங்கியவர் பெயரை வெளியிடவில்லை. விசேட நாட்களில் காரைப் பொதுமக்களுக்குக் காட்ட அவர் சம்மதித்திருக்கிறார். மற்றக் காரைக் கம்பனி தன்னிடமே வைத்துக்கொண்டது.