இல்லாதவற்றைப் படித்தல்: கடல்மீன்களும் மரபணுத்தொகுதி ஆய்வும்

விலங்கினங்கள் எவ்வாறு தோன்றிக் கிளைத்தன என்பதை ஆராய்வோர்க்கு நெடுங்காலம் இரு சான்றுகளே இருந்தன. ஒன்று, பாறைகளில் பதிந்து கிடக்கும் புதைபடிவம். மற்றொன்று, இன்று வாழும் உயிர்களின் உடலமைப்பு. இவ்விரண்டோடு மூன்றாவதாக வந்து சேர்ந்தது உயிரணுவினுள் இருக்கும் எழுத்து. அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு வேதிப்பொருள்களை அவ்வெழுத்துகளாகக் கொள்ளலாம். டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் இவை நிரல்பட அமைந்திருக்கின்றன. ஒரு புரதத்தை ஆக்குவதற்கான குறிப்பைத் தாங்கிய பகுதியைப் பொதுவாக மரபணு என்கிறோம். மரபணுக்களும் அவற்றுக்கு இடைப்பட்ட பகுதிகளும் சேர்ந்த முழுமையை மரபணுத்தொகுதி என்கிறோம். மனிதரின் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன.

இவ்வெழுத்தைப் படிக்கும் துறையில் சிங்கப்பூருக்கு ஓர் இடம் உண்டு. அவ்விடம் பெரிதும் மீன்களால் கிடைத்தது. அந்த ஆய்வுகளின் வரலாறு முழுவதையும் இங்கு விரிக்கப் புகவில்லை. அவற்றினூடே ஓடும் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். மரபணுத்தொகுதியில் இருப்பவற்றைப் போலவே இல்லாதவையும் செய்தி சொல்லுகின்றன. அச்செய்தியை எந்த அளவுக்கு நம்பலாம்?

இக்கேள்வி தமிழ் கற்றோர்க்குப் புதியதன்று. உ.வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டே பாடத்தை உறுதி செய்தார். பல ஏடுகளிலும் மாறாமல் வரும் சொல்லைப் பதிப்பாசிரியர் மூலத்துக்குரியது எனக் கொள்வார். ஓர் ஏட்டில் மட்டும் சில அடிகள் இல்லையெனில் அவர் தயங்குவார். ஏடு எழுதியவர் விட்டுவிட்டாரா? செல்லரித்துப் போயிற்றா? அல்லது அவ்வடிகள் மூலத்தில் இல்லாமல் பிற ஏடுகளில் பின்னர் நுழைந்தவையா? மரபணுத்தொகுதிகளை ஒப்பிடுவோரும் இதே மூன்று கேள்விகளைத்தாம் கேட்கின்றனர். வேறுபாடு ஒன்றுண்டு: இங்கே ஏடுகளின் அகவை கோடிக்கணக்கான ஆண்டுகள்.

முதலில் படிக்கப்பட்ட ஏடு ஃபுகு என்னும் ஜப்பானியப் பேத்தை மீனுடையது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த சிட்னி பிரென்னர், 1985 இல் சிங்கப்பூரில் மூலக்கூறு, உயிரணு உயிரியல் கழகம் உருவாவதற்குத் துணைநின்றவர். மனித மரபணுத்தொகுதியைப் படிப்பது பெருஞ்செலவாகத் தோன்றிய 1993 இல், அவரும் அவருடைய குழுவினரும் ஒரு மாற்றுவழியைக் கூறினர். பேத்தை மீனின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 40 கோடி எழுத்துகளே கொண்டது. மனிதருடையதில் எட்டில் ஒரு பங்கு. ஆயினும் மரபணுப் பட்டியலோ பெரும்பாலும் நம்முடையதை ஒத்தது. நம் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழப் பாதி, திரும்பத் திரும்ப வரும் தொடர்கள். பேத்தை மீனில் அவை மிகக் குறைவு. மரபணுக்களின் இடையிடையே வரும் பகுதிகளும் சுருங்கியிருக்கின்றன. விரிவுரையுடன் அச்சிட்ட பதிப்புக்கும் மூலம் மட்டும் அச்சிட்ட கையடக்கப் பதிப்புக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. பன்னாட்டுக் கூட்டுமுயற்சியாய், சிங்கப்பூர் முதன்மைப் பங்கேற்க, இம்மீனின் மரபணுத்தொகுதி 2002 இல் வெளியாயிற்று. மனிதருக்கு அடுத்ததாக வரைவு வெளியான முதுகெலும்பி இதுவே. பிரென்னர் நோபெல் பரிசு பெற்றதும் அதே ஆண்டில்தான். எனினும் அது புழுவொன்றைப் பற்றிய அவருடைய முந்தைய ஆய்வுக்காக.

பேத்தை என்றதும் நஞ்சு நினைவுக்கு வரும். அம்மீனின் ஈரலிலும் சினையிலும் சேரும் டெட்ரோடோடாக்சின் என்னும் நஞ்சு, நரம்பணுக்களில் சோடியம் புகும் வாயில்களை அடைத்துவிடுகிறது. உண்டவருக்கு மூச்சுத் தசைகள் செயலிழந்து உயிர் போகலாம். அந்த நஞ்சை ஆக்கும் குறிப்பு மீனின் எழுத்தில் எங்கே இருக்கிறது எனத் தேடுவது வீண்; நஞ்சு மீனுடைய சொந்தச் சரக்கன்று. நுண்ணுயிர்கள் ஆக்கியது, உணவின் வழியே மீனை அடைகிறது. நஞ்சில்லாத் தீனி கொடுத்து வளர்க்கப்படும் பேத்தைகளில் நஞ்சு சேர்வதில்லை என்பது இதற்குச் சான்று. மீனின் எழுத்தில் இருப்பது வேறொன்று. சோடிய வாயிலை ஆக்கும் மரபணுவில் ஒருசில எழுத்துகள் மாறியிருப்பதால், நஞ்சு அவ்வாயிலில் பற்றுவதில்லை. தான் சுமக்கும் நஞ்சால் மீன் சாவதில்லை. சிங்கப்பூரில் பைரப்பா வெங்கடேஷும் அவருடைய குழுவினரும் 2005 இல் இதை விளக்கினர். ஆயுதம் எழுத்தில் இல்லை, கவசம் இருக்கிறது.

பேத்தை மீனுக்கு ஒரு குறையும் உண்டு. அது உட்பட இன்றைய எலும்பு மீன்களிற் பெரும்பாலானவற்றின் முன்னோர், 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் தம் மரபணுத்தொகுதி முழுவதையும் ஒருமுறை இரட்டித்துக்கொண்டனர். அதன்பின் இரட்டைப்படிகளுள் பல அழிந்தன. சில புதுவேலை ஏற்றன. மனிதரோடு ஒப்பிடும்போது இது குழப்பம் விளைக்கும். தாடையுள்ள முதுகெலும்பிகளின் பழைய பாடத்தை அறிய வேண்டுமாயின், இந்த இரட்டிப்புக்கு முன்னரே பிரிந்துபோன கிளையொன்று வேண்டும். வெங்கடேஷின் குழுவினர் தேர்ந்தது யானைச்சுறா. தென் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் கடல்களில் வாழ்வது; மண்வெட்டி போன்று வளைந்த மூக்கால் கடலடியைத் துழாவி இரை தேடுவது. பெயரில் சுறா என்றிருப்பினும் அது சுறாக்களின் தொலைவான உறவு மட்டுமே. குருத்தெலும்பு மீன்களாகிய இக்கிளையும், எலும்பு மீன்களும் நாமும் சேர்ந்த கிளையும் பிரிந்து ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதன் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 100 கோடி எழுத்துகள்; பெரிய சுறாக்களோடு ஒப்பிடச் சிறியது. தேர்வுக்கு இச்சிறுமையும் ஒரு காரணம்.

2014 சனவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளியான முடிவுகளுள் இரண்டு நம் கேள்விக்கு நேரானவை.

முதலாவது எலும்பைப் பற்றியது. எலும்பு மீன்களிலும் நில விலங்குகளிலும் சுண்ணச்சத்தைப் பற்றி எலும்பையும் பல்லையும் கெட்டிப்படுத்தத் துணைபுரியும் புரதங்களை ஆக்கும் மரபணுக் குடும்பம் ஒன்றுண்டு. யானைச்சுறாவில் அக்குடும்பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அக்குடும்பம் எந்தப் பழைய மரபணுவிலிருந்து படியெடுக்கப்பட்டுப் பெருகியதோ அது இருக்கிறது. ஆகவே இது தொலைந்த ஏடு என்பதைவிட, அக்கிளையில் எழுதப்படாத ஏடு எனக் கொள்வதே பொருந்தும் என ஆய்வாளர் கருதினர். கருதியதோடு நில்லாமல் சோதித்தும் பார்த்தனர். வரிக்குதிரைமீனில் அக்குடும்பத்தின் ஓர் உறுப்பை அடக்கியபோது, அம்மீனில் எலும்பாக்கம் குன்றியது.

இவ்விடத்தில் நம் கலைச்சொல்லைப் பற்றி ஒன்று கூற வேண்டும். குருத்தெலும்பு என்னும் சொல், முற்றினால் எலும்பாகும் இளம்பொருள் என்ற எண்ணத்தைத் தருகிறது. மனிதக் கருவுக்கு அது பொருத்தமே. நம் கை கால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகவே உருவாகின்றன. சுறாவுக்கோ அது முற்றாத நிலையன்று, முழுநிலை. சொல்லை மாற்றவேண்டும் என்பதற்காக இதைக் கூறவில்லை. வழக்கில் ஊன்றிய நல்ல சொல் அது. ஆனால் அதைக் கற்பிக்கும்போது இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால், சுறாவை ‘முழுமையடையாத மீன்’ என்று மாணவர் எண்ணிவிடுவர்.

இரண்டாவது முடிவு நோயெதிர்ப்பைப் பற்றியது. சிக்கல் அங்கேதான் எழுந்தது. நம் குருதியில் உள்ள வெள்ளணுக்களுள் ஒரு வகை, பிற அணுக்களைத் தூண்டியும் அடக்கியும் நோயெதிர்ப்பை நெறிப்படுத்துகிறது. அவ்வணுக்களின் அடையாளமாகிய சிடி4 என்னும் புரதத்துக்கான மரபணு யானைச்சுறாவில் அகப்படவில்லை. அதனோடு தொடர்புடைய வேறு சில மரபணுக்களும் அகப்படவில்லை. ஆதலின் இம்மீனின் நோயெதிர்ப்பு முறை நம்முடையதைவிட எளிய, பழைய அமைப்பாக இருக்கலாம் என்று கட்டுரை கூறியது. அதே ஆண்டில் அதே இதழில் மறுப்பு வந்தது. இல்லை எனப்பட்ட மரபணுக்களுள் சிலவற்றுக்கு உரியவையாகத் தோன்றும் தொடர்கள், வெளியிடப்பட்ட அதே மரபணுத்தொகுதியில் இருப்பதாக மறுப்பாளர் சுட்டினார்.

இருதரப்பும் ஒரே ஏட்டைப் படித்தும் இவ்வேறுபாடு ஏன்? ஒரு மரபணுவைத் தேடும்போது, அறிந்த தொடரோடு ஒத்த தொடரைக் கணினி தேடுகிறது. எலும்பு மரபணுக்களுக்கு அருகே எவை அமையும் என்பதும் அறிந்ததாகலின் தேட இடமுண்டு. நோயெதிர்ப்பு மரபணுக்கள் பல சிறியவை. நோய்க்கிருமிகளோடு ஓயாது போரிடுவதால் விரைந்து மாறுபவை. 45 கோடி ஆண்டுகளுக்குப் பின் அவற்றின் ஒப்புமை தேய்ந்துபோகிறது. தமிழில் ‘அல்ல’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இலக்கண ஆசிரியர் வலியுறுத்துவர். கண்ட தொடரைப் பார்த்து ‘இவை அவை அல்ல’ என்று கருதும் நிலையிலிருந்து ‘அவை இங்கு இல்லை’ என்னும் முடிவுக்குத் தாவுவது எளிது. இங்கே நேர்ந்த விவாதத்தின் உயிர்நாடி இதுவே. இதனால் அக்கட்டுரையின் மதிப்புக் குறைந்துவிட்டதாக நாம் எண்ணவில்லை. எழுத்தை முழுமையாகப் பொதுவில் வைத்ததனால்தான் பிறர் அதைப் படித்து மறுக்க முடிந்தது.

புதைபடிவச் சான்றிலும் இத்தகைய இடறல் உண்டு. சீலகாந்த் என்னும் மீனின் புதைபடிவங்கள் டைனோசர்களின் காலத்தோடு நின்றுவிட்டதால், அவ்வினம் அற்றுப்போயிற்று என்றே நம்பினர். 1938 இல் தென்னாப்பிரிக்கக் கரையோரத்தில் ஒன்று வலையில் வந்தது. 1990களின் இறுதியில் இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவருகே மற்றோர் இனமும் தெரியவந்தது. பாறையில் இல்லாமை, கடலில் இல்லாமையைக் காட்டவில்லை. 2013 இல் வெளியான அதன் மரபணுத்தொகுதி, நில விலங்குகளுக்கு நெருங்கிய உறவு சீலகாந்த் அன்று, நுரையீரல்மீனே என்பதை வலுப்படுத்தியது.

தொலைந்த ஏட்டை ஐயமின்றிக் காட்டும் சான்றுகளும் உண்டு. 1892 இல் மலாக்கா அருகே கரையொதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு, சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தில் நெடுநாள் தொங்கியது. 1974 இல் அது மலேசியாவுக்கு அளிக்கப்பட்டது. மூத்தோர் பலர் அதைக் கண்டிருப்பர். அத்தகைய பெருந்திமிங்கிலங்களுக்குப் பல்லில்லை. சல்லடை போன்ற தகடுகளால் இரையை வடித்து உண்பவை. ஆயினும் பல்லின் மிளிரியை ஆக்கும் மரபணுக்களின் சிதைந்த துணுக்குகள் அவற்றின் எழுத்தில் இன்னும் கிடக்கின்றன. கிழிந்த ஏட்டின் ஓரம் கட்டிலேயே ஒட்டிக்கொண்டிருப்பது போன்றது இது. இங்கே ‘இருந்தது, இழந்தது’ என்று துணிந்து கூறலாம்.

கடற்குதிரையின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. சிங்கப்பூர் நீர்ப்பரப்பிலும் வாழும் புலிவால் கடற்குதிரையின் மரபணுத்தொகுதியைச் சீன, ஜெர்மானிய ஆய்வாளர்களோடு வெங்கடேஷின் குழுவும் சேர்ந்து 2016 இல் வெளியிட்டது. ஒப்பிடப்பட்ட மீன்களுள் மிக விரைவாக மாறியது கடற்குதிரையே. இடுப்புத் துடுப்பு அதற்கில்லை. அத்துடுப்பு உருவாவதற்கு வேண்டிய டிபிஎக்ஸ்4 என்னும் மரபணுவும் அதனிடம் இல்லை. பிற மீன்களில் அது இருப்பதால், இது இழப்பே. வரிக்குதிரைமீனில் அதே மரபணுவைக் கிறிஸ்பர் முறையால் குலைத்தபோது இடுப்புத் துடுப்பு இல்லாத மீன்கள் பிறந்தன. இல்லாமை கூறியதைச் சோதனையும் உறுதிப்படுத்தியது. நோயெதிர்ப்பு விவாதத்தில் இல்லாதிருந்த வலு இதுவே. பல்லின் மிளிரியோடு தொடர்புடைய மரபணுக்களும், மோப்பத்துக்குரிய மரபணுக்களிற் பலவும் அதனிடம் இல்லை.

இழப்பு மட்டுமன்று. கடற்குதிரையில் சினையைச் சுமப்பது ஆண். அதன் வயிற்றுப் பையில் செயற்படும் ஒரு மரபணுக் குடும்பம் படிமேல் படியாகப் பெருகியிருக்கிறது. பை எவ்வாறு உருவாயிற்று என்பதை இக்குடும்பத்தின் வழியே இப்போது ஆராய்கின்றனர். புலிவால் கடற்குதிரை, அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாக அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. மருந்துக்காகவும் அழகுக்காகவும் நடக்கும் கடற்குதிரை வணிகம் 2004 முதல் பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்திருக்கிறது. உலர்ந்த கடற்குதிரை எந்த இனம் எனக் கண்ணால் அறிய இயலாதபோது, ஒரு சிறு மரபணுப் பகுதியைப் படித்து அதன் இனத்தைக் கண்டறிகின்றனர்.