ஓசையின்றிப் பழுதாகும் கருவி: வலையமைப்பு அடுக்குகளின் தாங்குதிறன் சோதனையும் திறமூலப் பராமரிப்பும்

வலையமைப்பிலிருந்து ஒரு கணினிக்கு வந்து சேரும் ஒவ்வொரு பொதியையும் முதலில் படித்துப் பார்ப்பது அதன் இயங்குதளத்தில் அமைந்த நெறிமுறை அடுக்கு ஆகும். ஈத்தர்நெட், ஐபி, டிசிபி என ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த நிரல்தொகுதிகளே அவ்வடுக்கு. அனுப்பியவர் யார், அவர் நம்பத்தக்கவரா என்பன தெரியவரும் முன்னரே அது பொதியைப் படித்தாக வேண்டும். எனவே விதிக்கு மாறாக அமைந்த பொதி வரினும் நிலைகுலையாதிருத்தல் அதன் முதற்கடன். அப்பண்பே தாங்குதிறன் எனப்படுகிறது. அதனைச் சோதிக்கும் திறமூலக் கருவிகளைப் பேணுதல் எத்தகைய பணி, பேணாதொழியின் விளைவது யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தாங்குதிறன் இன்மை எத்துணைச் சிறிய இடத்தில் ஒளிந்திருக்கும் என்பதற்கு 1996ஆம் ஆண்டின் இறுதியில் பரவலாக அறியப்பட்ட 'பிங் ஆஃப் டெத்' தக்க சான்று. ஐபி நான்காம் பதிப்பின் பொதி 65,535 பைட்டுகளுக்கு மேற்படலாகாது. பெரிய பொதி துண்டுகளாகப் பிரிந்து செல்லும்போது, ஒவ்வொரு துண்டும் மூலப் பொதியில் தனக்குரிய இடத்தை 13 பிட் எண்ணால் குறிக்கும். அவ்வெண்ணின் அலகு 8 பைட். ஆகவே 65,528ஆம் இடம் வரை குறிக்க இயலும். அவ்விடத்தில் தொடங்கும் துண்டு ஒரு சில பைட்டுகளுக்கு மேல் சுமந்துவரின் மொத்தம் வரம்பைக் கடந்துவிடும். தனித்தனியே நோக்கின் துண்டுகளின் அளவில் குறையேதும் புலப்படாது. ஒன்றுசேர்க்கும்போதே நினைவகம் நிரம்பி வழியும். அந்நாளைய இயங்குதளங்கள் பல இதனால் நிலைகுலைந்தன.

இத்தகைய மூலைமுடுக்குகளை மனிதர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துச் சோதித்தல் அரிது. ஆகவே தற்போக்கு எண்களைக் கொண்டு பிழையான பொதிகளைப் பெருந்தொகையாக உருவாக்கி எறியும் கருவிகள் தோன்றின. அவற்றுள் நெடுங்காலம் பயன்பட்டுவருவது 'ஐசிக்'. ஐபி, டிசிபி, யுடிபி, ஐசிஎம்பி ஆகியவற்றுக்குத் தனித்தனி நிரல்களைக் கொண்ட தொகுப்பு அது. இத்தனை விழுக்காட்டுப் பொதிகள் துண்டுகளாக இருக்கவேண்டும், இத்தனை விழுக்காட்டில் பதிப்பு எண் பிழையாக இருக்கவேண்டும் எனப் பயனர் விகிதம் வகுத்துத் தரலாம். முழுத் தற்போக்கு பயன்படாது என்பதே இவ்வமைப்பின் அடிப்படை. டிசிபியின் சரிபார்ப்புத் தொகை 16 பிட் நீளமுடையது. அதனையும் தற்போக்காக இட்டால் ஏறத்தாழ 65,536 பொதிகளில் ஒன்றே வாயிலைக் கடந்து உள்ளே செல்லும். எஞ்சியவை வாயிற்படியிலேயே வீழும். பிழை செய்வதிலும் அளவறிந்து செய்ய வேண்டியிருக்கிறது.

இங்கேதான் பராமரிப்பின் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. சோதனையின் முடிவு 'பழுதில்லை' என வருமாயின் அதற்கு இரு பொருள் உண்டு. அடுக்கு உறுதியாக இருக்கலாம். அல்லது கருவி எறிந்தது அடுக்கின் ஆழத்தைச் சென்றடையாமலே போயிருக்கலாம். திரையில் இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பிற மென்பொருள்கள் பழுதானால் பயனர் குறை கூறுவர். சோதனைக் கருவி பழுதானாலோ பயனர் மகிழ்ந்து போவர்.

கருவியின் நிரலில் ஓரெழுத்தும் மாறாத நிலையிலும் இப்பழுது நேரும். பொதியின் தலைப்பகுதியைப் பயனரே எழுத இடமளிக்கும் 'ரா சாக்கெட்' என்னும் வழியை எடுத்துக்கொள்ளலாம். லினக்ஸில் அவ்வழியே அனுப்பப்படும் ஐபி பொதியின் மொத்த நீளத்தையும் தலைப்பகுதியின் சரிபார்ப்புத் தொகையையும் கெர்னலே எப்போதும் நிரப்பிவிடும். கருவி வேண்டுமென்றே இட்ட பிழையான நீளம் கம்பியை அடையுமுன் திருத்தப்படுகிறது. கருவியோ, பிழையான பொதி சென்றதாகவே கணக்கெழுதும். இதனைத் தவிர்க்க ஈத்தர்நெட் சட்டம் முழுவதையும் கருவியே கட்டி அனுப்ப வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியில் வேறொரு நுட்பம்: 11.0 பதிப்புக்கு முன்னர் இதே வழியில் நீளத்தையும் துண்டின் இடத்தையும் கணினியின் சொந்த பைட் வரிசையில் தரவேண்டியிருந்தது. அதன்பின் வலையமைப்பு வரிசையே வேண்டும் என மாறியது. இரண்டையும் அறிந்து நிரலைப் பிரித்தெழுதாத கருவி, ஒரு பக்கத்தில் 60 என எண்ணி 15,360 என அனுப்பும். லிப்நெட் என்னும் நிரலகம் 1.0 வரிசையிலிருந்து 1.1க்கு மாறியபோதும் அழைப்புகளின் அமைப்பு மாறியமையால் அதனைச் சார்ந்த கருவிகள் திருத்தி எழுதப்பட்டாலன்றித் தொகுக்கப்படவே முடியாத நிலை வந்தது. இது உரத்த பழுது. ஆதலின் தீங்கு குறைவு.

வித்தெண் பற்றியும் கூறவேண்டும். தற்போக்குச் சோதனையில் கணினி ஒன்று வீழ்ந்தால், வீழ்த்திய பொதி எது என மீண்டும் காண்பதற்கு ஒரு வழி, அதே வித்தெண்ணை இட்டு அதே பொதி வரிசையை மறுபடி உருவாக்குவது. ஆனால் ஒரே வித்தெண்ணுக்கு வெவ்வேறு சி நிரலகங்கள் வெவ்வேறு எண் வரிசைகளைத் தரும். ஓப்பன்பிஎஸ்டியோ 5.7 பதிப்பு முதல், தனியே கேட்டாலன்றி வித்தெண்ணைப் பொருட்படுத்தாது. ஒவ்வொரு முறையும் புதிய எண்களையே வழங்கும். பாதுகாப்பு நோக்கில் அது நல்ல முடிவு. சோதனைக் கருவிக்கோ கண்டறிந்த குறையை மெய்ப்பிக்கும் சான்று கைநழுவிப் போகிறது. கருவி தனக்கென ஓர் எண்ணாக்கியைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளுதல் இதற்குத் தீர்வு.

தற்போக்குக் கருவிகள் எட்டாத இடமும் உண்டு. டிசிபி இணைப்பு ஒன்று நிலைபெற்ற பின்னரே இயங்கும் நிரற்பகுதிகளுக்கு, உறவற்ற தனிப்பொதிகள் சென்று சேர்வதில்லை. அதற்கு உரையாடலை அறிந்த கருவி தேவை. கூகுள் நிறுவனத்தில் உருவாகி 2013இல் வெளியிடப்பட்ட 'பாக்கெட்டிரில்' அவ்வகையினது. இன்ன நேரத்தில் இன்ன பொதி வரும், அடுக்கு இன்ன விடையை இன்ன நேரத்தில் அனுப்பவேண்டும் என நாடகப் பிரதிபோல் எழுதிவைத்துச் சோதிப்பது அது. இதிலும் பராமரிப்பாளரின் தீர்ப்பின்றி நடவாது. மெய்நிகர்க் கணினிகளில் கடிகாரம் சற்றே பிந்துவதால் நல்ல அடுக்கும் தோற்றதாகக் காட்டும். அதற்காக நேர வரம்பைத் தளர்த்தினால், உண்மையிலேயே பிந்தி நிகழும் மறு அனுப்புகையும் தேர்ச்சி பெற்றுவிடும்.

எது சரியான விடை என்பதும் நிலையானதன்று. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வந்தால் ஏற்றுச் சேர்ப்பதற்கு 1981இல் வெளிவந்த ஐபி வரையறை இடமளித்தது. 2009இல் வெளிவந்த ஆர்எஃப்சி 5722, ஐபி ஆறாம் பதிப்பில் அத்தகைய பொதி முழுவதையும் ஓசையின்றி விலக்க வேண்டும் எனப் பணித்தது. லினக்ஸ் 2018இல் நான்காம் பதிப்புக்கும் அதே வழியைக் கைக்கொண்டது. பழைய விடையை எதிர்நோக்கும் சோதனை, இன்று பாதுகாப்பான அடுக்கைக் குறையுடையது என்று சொல்லும். பராமரிப்பு என்னும் சொல் எண்ணெய் இடுதலையும் தூசு தட்டுதலையும் நினைவூட்டுகிறது. இப்பணி அதனினும் சுவடிப் பதிப்பாசிரியரின் பணிக்கே நெருக்கமானது: ஒவ்வொரு வேறுபாட்டையும் பிழையா, பாடமா எனத் தீர்மானித்தாக வேண்டும்.

இதனால் யாருக்கு என்ன இழப்பு என்னும் வினாவுக்கு 2019 விடை தந்தது. விஎக்ஸ்வொர்க்ஸ் என்னும் உட்பொதி இயங்குதளத்தின் நெறிமுறை அடுக்கில் 'அர்ஜன்ட்/11' எனப் பெயரிடப்பட்ட 11 குறைபாடுகள் அவ்வாண்டு வெளியாயின. ஒன்று ஐபி தலைப்பகுதியின் விருப்பத் தகவல்களைப் படிப்பதில் இருந்தது. மற்றொன்று டிசிபியின் அவசரச் சுட்டியைக் கையாள்வதில் இருந்தது. இவை புதுமையான துறைகள் அல்ல; பழைய தற்போக்குக் கருவிகளே மாற்றிப் பார்க்கும் புலங்கள். முன்னதற்குத் தனிப்பொதி போதும். பின்னதற்கு நிலைபெற்ற இணைப்பு வேண்டும். இரு வகைக் கருவிகளும் ஒருங்கே பேணப்படவேண்டிய தேவையை இவ்வேறுபாடு காட்டுகிறது. பாதிக்கப்பட்ட கருவிகளுள் மருத்துவமனை நோயாளிகளைக் கண்காணிப்பவையும் அடங்கும். அமெரிக்க உணவு, மருந்து நிருவாகமும் அவ்வாண்டு எச்சரிக்கை விடுத்தது.

2024இல் பாக்கெட்டிரில் சோதனைகள் பல லினக்ஸ் கெர்னலின் மூல நிரற்கிளையினுள்ளேயே சேர்க்கப்பட்டன. அடுக்கை மாற்றுபவர் சோதனையையும் உடன் மாற்றவேண்டும் என்னும் நிலை இதனால் உருவானது. ஐசிக் போன்றவற்றுக்கு அத்தகைய புகலிடம் இல்லை. அவை எந்த ஓர் இயங்குதளத்திற்கும் உரியவை அல்ல. உள்ளே எந்த அடுக்கு இருக்கிறதென்று தெரியாத பெட்டிகளைச் சோதிப்பதே அவற்றின் பயன். இத்தகைய கருவியைப் பேணுவோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பழைய குறைபாடுடைய இயங்குதளம் ஒன்றை, வெளித்தொடர்பற்ற மெய்நிகர்க் கணினியில் திருத்தாமலே வைத்திருத்தல் வேண்டும். ஒவ்வொரு புதிய பதிப்பையும் வெளியிடுமுன் அதன்மீது கருவியை இயக்குதல் வேண்டும். அது வீழ்ந்தால் கருவியை வெளியிடலாம். வீழாவிடில் திருத்தவேண்டியது கருவியை.