மழைக்காலத்தில் ஆடுகளைத் தாக்கும் நிமோனியா: மூச்சை எண்ணிப் பாருங்கள்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆடு வளர்ப்போர் எங்களிடம் அதிகம் கேட்பது இதுதான்: "நேத்து சாயங்காலம் மேய்ஞ்ச ஆடு, காலையில கொட்டகையில செத்துக் கிடக்குதுங்க." பாம்பு கடித்திருக்கும், வயிறு உப்பியிருக்கும் என்றெல்லாம் சந்தேகப்படுவார்கள். அறுத்துப் பார்த்தால், பஞ்சு போல இருக்க வேண்டிய நுரையீரல் பல நேரங்களில் ஈரல் போலக் கெட்டியாகி, கருஞ்சிவப்பாக இருக்கும். இதுவே நுரையீரல் அழற்சி எனப்படும் நிமோனியா.

மேன்ஹீமியா, பாஸ்சுரெல்லா ஆகிய பாக்டீரியாக்கள் இதற்கு முக்கியக் காரணம். இவை நல்ல ஆட்டின் மூக்கிலும் தொண்டையிலும்கூட எப்போதும் இருப்பவைதான். மழையில் நனைவது, சந்தையிலிருந்து வண்டியில் நெருக்கி ஏற்றி வருவது, குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பது, குடற்புழுத் தொல்லை போன்றவற்றால் ஆட்டின் எதிர்ப்புச் சக்தி குறையும்போது, இவை நுரையீரலுக்குள் இறங்கிப் பெருகிவிடுகின்றன. ஆட்டுக்கொல்லி நோய் கண்ட ஆடுகளிலும் இந்தப் பாக்டீரியாக்கள் சேர்ந்துகொள்ளும். அதனால் அந்நோய்க்கான தடுப்பூசியைத் தவறாமல் போட்டுவிடுங்கள்.

நல்லது என்று நினைத்து நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. குளிருக்குப் பயந்து கொட்டகையின் நான்கு பக்கமும் தார்ப்பாயால் மூடிவிடுகிறார்கள். சிறுநீரும் புழுக்கையும் சேர்ந்து கிளம்பும் அம்மோனியா உள்ளேயே தங்கி, ஆட்டின் மூச்சுக்குழாயை அரிக்கிறது. விடியற்காலையில் கொட்டகையைத் திறந்ததும், ஆட்டின் மூக்கு உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், அந்தக் காற்றைத்தான் ஆடு இரவு முழுவதும் சுவாசித்திருக்கிறது. சாரலும் வாடைக்காற்றும் அடிக்கும் பக்கத்தை மட்டும் ஆட்டின் உயரத்துக்கு மறைத்தால் போதும். மேலே காற்று போக வழி விடுங்கள். தரை ஈரமில்லாமல் இருக்க வேண்டும். பரண் அமைத்தவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. வளர்ந்த ஆடு ஒன்றுக்குக் குறைந்தது 10 சதுர அடி இடம் கொடுங்கள்.

நோய் கண்ட ஆடு மந்தையில் கடைசியாக நடக்கும். தீவனத்தைத் தொடாது, காது தொங்கும், இருமும். மூக்கில் முதலில் தண்ணீராகவும் பிறகு கெட்டியாக மஞ்சளாகவும் சளி வரும். ஆடு நிழலில் அமைதியாகப் படுத்திருக்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 முதல் 30 வரை இருந்தால் சரி. அதற்கு மேல் போய், ஆசனவாயில் வைத்த வெப்பமானி 104 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால், அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தமிழகத்தில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். வாய்ப்புண்ணும் கழிச்சலும் சேர்ந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அது ஆட்டுக்கொல்லியாக இருக்கலாம்.

மருந்துக் கடையில் கேட்டு நீங்களே ஊசி போட வேண்டாம். மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியாலும் இதே போன்ற நோய் வரும். அதற்குச் செல்சுவர் கிடையாது என்பதால் பென்சிலின் வகை மருந்துகள் வேலை செய்யாது. எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். முதல் ஊசியிலேயே ஆடு தீவனம் எடுத்தாலும் பாதியில் நிறுத்தாதீர்கள். நோய் திரும்பினால் அதே மருந்து கேட்காமல் போகலாம். ஊசி போட்ட ஆட்டின் பாலையும் இறைச்சியையும் மருத்துவர் சொல்லும் நாள்வரை பயன்படுத்தக் கூடாது.

இன்னொன்று. இருமும் ஆட்டின் தலையை அண்ணாந்து பிடித்து எண்ணெயோ கஷாயமோ ஊற்றாதீர்கள். அது நேராக நுரையீரலுக்குள் போய்விடும். அப்படிப் போன எண்ணெயை எந்த ஊசியாலும் எடுக்க முடியாது. நோயில்லாத ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுக்கும்போதும் தலையை முதுகு மட்டத்துக்கு மேல் தூக்காமல், கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

நோயுற்ற ஆட்டை உடனே பிரித்துக் கட்டி, தண்ணீர்த் தொட்டியையும் தனியாக வையுங்கள். சந்தையில் வாங்கிய ஆடுகளை மூன்று வாரமாவது தனியே வைத்துப் பார்த்த பிறகே மந்தையோடு சேருங்கள். இடமில்லை என்பவர்கள் வீட்டுத் திண்ணையோரம் கட்டினாலும் சரிதான்.