மணமா, மனமா? ஒல்லி எழுத்து செய்யும் வேலை!

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு வரும் பேருந்துகளின் பெயர்ப்பலகையைக் கவனித்திருக்கிறீர்களா? ‘தக்கலை’ நாலே எழுத்து. ‘திருவனந்தபுரம்’ ஒன்பது எழுத்து. பலகையின் அகலமோ ஒன்றுதான். எழுத்தைச் சிறிதாக்கினால் தூரத்தில் நிற்பவருக்குத் தெரியாது. அங்கே கைகொடுப்பதுதான் ‘கன்டென்ஸ்டு’ எழுத்துரு. உயரம் குறையாது; அகலம் மட்டும் ஒடுங்கும்.

இதில் பழைய பாணி ‘செரிஃப்’ வகைக்குத் தனி மவுசு. ஆங்கில எழுத்தில் கோட்டின் முனையில் நிற்கும் சின்னக் குறுக்குக் கோடுதான் செரிஃப். தமிழில் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலியும் கோடுகளே அந்தப் பழைய களையைத் தருகின்றன. பார்த்ததும் தாத்தா காலத்து மருந்து பாட்டில் லேபிள் ஞாபகம் வரும். காபித்தூள் பாக்கெட், நாவல் அட்டை, கல்யாணப் பத்திரிகை என எல்லாவற்றிலும் இது எட்டிப் பார்ப்பது அதனால்தான்.

காகிதம் கற்றுக்கொடுத்த சிக்கனம்

இடத்தை மிச்சம் பிடிக்கும் கவலை தமிழ் அச்சுக்குப் புதிதல்ல. தக்கலையிலிருந்து திருவனந்தபுரத்தைத் தாண்டிப் போனால் வரும் கொல்லத்தில், 1578-ல் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சானது. பின்னர் 1713-ல், ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்தன. அவை ரொம்பப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. சீகன்பால்கு குழுவினர் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்து, 1715-ல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள்.

லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ் வேறு வழியில் போனது. 1932-ல் அது அறிமுகப்படுத்திய ‘டைம்ஸ் நியூ ரோமன்’, அகலத்தைச் சற்று ஒடுக்கி, ஒரு வரியில் கூடுதல் சொற்களுக்கு இடம் கொடுத்தது.

இழுத்துச் சுருக்கினால் ஆபத்து

சாதாரண எழுத்தைக் கம்ப்யூட்டரில் பக்கவாட்டில் அமுக்கினால் அது கன்டென்ஸ்டு ஆகிவிடாது. நிமிர்ந்த கோடுகள் இளைத்துப்போகும். படுத்த கோடுகள் அப்படியே தடியாக நிற்கும். சுழிகள் அடைத்துக்கொள்ளும். ‘ண’வுக்கு மூன்று சுழி, ‘ன’வுக்கு இரண்டு. நெருக்கியதில் வித்தியாசம் மறைந்தால், ‘திருமண’ அழைப்பு ‘திருமன’ அழைப்பாகத் தெரியும்!

ஒடுங்கிய அகலத்துக்கென்றே வரைந்த எழுத்துருவில் இந்தச் சிக்கல் குறைவு. கூகுளின் ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ குடும்பத்தில் கன்டென்ஸ்டு வகையும் இலவசமாகவே கிடைக்கிறது.

எங்கே வைக்கலாம்?

* தலைப்பு, கடை போர்டு, மணமக்கள் பெயர்: தாராளமாக வைக்கலாம்.
* முகூர்த்த நேரம், மண்டப முகவரி, போன் நம்பர்: வேண்டாம். சாதாரண அகலமே நல்லது.
* நீண்ட பத்திகள்: கூடவே கூடாது. கண் சீக்கிரம் களைத்துவிடும்.

பத்திரிகை மாதிரி வாட்ஸ்அப்பில் வந்ததும் பெரிதாக்கிப் பார்த்து ‘ஓகே’ சொல்லிவிடாதீர்கள். அச்சாகும் அளவிலேயே ஒரு பிரதி எடுத்து, வீட்டில் மூத்தவர் கையில் கொடுங்கள். அவர் தடுமாறாமல் வாசித்துவிட்டால், தைரியமாக அச்சுக்கு அனுப்பலாம்.