தொண்டைக்குள் ஒரு காவல்காரன்

ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கும் நோயாளிகளில் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கத்தி வைத்தது வயிற்றில், தொண்டை ஏன் இப்படிக் கரகரவென்று வலிக்கிறது?"

காரணம் வேறொன்றுமில்லை. அவர் நினைவின்றிக் கிடந்த நேரம் முழுவதும் அவருடைய தொண்டைக்குள் ஒரு குழாய் காவல் இருந்தது. அது இருந்ததால்தான் அவருடைய மூச்சு நிற்கவில்லை. ஆனால் அந்தக் காவல்காரன் இடம் தவறி நின்றுவிட்டால்? சில நிமிஷங்களிலேயே உயிருக்கு ஆபத்து!

தூக்கம் வேறு, மயக்கம் வேறு

தூங்குகிறவன் தொண்டையில் ஒரு சொட்டு நீர் இறங்கினாலும் இருமி எழுந்துவிடுவான். மயக்க மருந்தின் வசத்தில் கிடப்பவனுக்கு அந்த இருமல் கிடையாது. நாக்கு பின்னால் சரிந்து மூச்சு வழியை அடைக்கிறது. தசைகளைத் தளரவைக்கும் மருந்தும் சேர்ந்துவிட்டால் மூச்சு விடும் வேலையே நின்றுவிடுகிறது. அப்போது நோயாளிக்காக மூச்சு விடுவது இயந்திரம். அந்த இயந்திரத்துக்கும் நுரையீரலுக்கும் நடுவே உள்ள பாலந்தான் இந்தக் குழாய்.

இதை முதலில் துணிந்து செய்தவர் ஸ்காத்லாந்து நாட்டு ரணசிகிச்சை நிபுணர் வில்லியம் மெக்யூவன். 1878-ல் கிளாஸ்கோ நகரில், வாய்க்குள் கட்டி வந்த ஒருவருக்கு, தம் விரலையே வழிகாட்டியாக வைத்து மூச்சுக்குழலில் குழாயைச் செலுத்தி, அதன் வழியே குளோரோபாரம் கொடுக்கச் செய்தார். முதல் உலக யுத்தம் முடிந்தபின், முகம் சிதைந்த சிப்பாய்களுக்குச் சிகிச்சை நடந்த இங்கிலாந்தின் சிட்கப் ஆஸ்பத்திரியில் ஐவன் மகில் என்ற டாக்டர் ரப்பர் குழாய்களைக் கொண்டு இம்முறையை வளர்த்தார்.

1981-ல் லண்டன் டாக்டர் ஆர்ச்சி பிரெயின் வேறொரு வழி கண்டார். மூச்சுக்குழலுக்குள் நுழையாமல், குரல்வளையின் வாசலில் குல்லாய்போல் கவிந்து நிற்கும் 'லாரிஞ்சியல் மாஸ்க்' அவருடைய கண்டுபிடிப்பு. தொண்டைக்கு உபத்திரவம் குறைவு, வைப்பதும் சுலபம். ஆனால் குழாயைப்போல் அது வழியை இறுக அடைப்பதில்லை.

இரண்டு வாசல்கள்

தொண்டையின் அடியில் இரண்டு வாசல்கள். முன்னால் இருப்பது மூச்சுக்குழல். பின்னால் இருப்பது உணவுக்குழல். முன்வாசலில் நுழைய வேண்டிய குழாய் பின்வாசலில் நுழைந்துவிட்டால், பிராணவாயு முழுவதும் இரைப்பைக்குப் போகும். கைதேர்ந்த டாக்டருக்கும் இது நேர்வதுண்டு. நேர்வது குற்றமல்ல, அதை உடனே அறியாமல் இருப்பதுதான் ஆபத்து.

மார்பு அசைவதுபோல் தோன்றும்; ஸ்டெதாஸ்கோப்பில் சத்தமும் கேட்கும். இரண்டும் ஏமாற்றலாம். விரலில் மாட்டும் கருவியோ, ரத்தத்தில் முன்பே சேர்த்துவைத்த பிராணவாயு குறைந்தபிறகுதான் எச்சரிக்கும்.

உண்மை சொல்லும் சாட்சி ஒன்று உண்டு. அது கரியமில வாயு. நுரையீரலிலிருந்து வெளிவரும் மூச்சில் அது ஒவ்வொரு முறையும் இருக்கும். இரைப்பையிலிருந்து அப்படித் தொடர்ந்து வராது. அதை அளந்து திரையில் அலைபோல் காட்டும் கருவிக்குக் காப்னோகிராப் என்று பெயர். அலை எழாவிட்டால், குழாய் இடம் தவறியிருக்கிறது என்றே முதலில் எண்ண வேண்டும் என்பது இன்றைய வைத்திய விதி.

வயிற்றிலிருந்து வரும் வினை

இன்னொரு ஆபத்து கீழேயிருந்து வருகிறது. மயக்கத்தில் இரைப்பையில் உள்ளது மேலேறி, மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். 1946-ல் நியூயார்க் டாக்டர் கர்ட்டிஸ் மெண்டல்சன், 44,016 கர்ப்பிணிகளின் குறிப்புகளை ஆராய்ந்து, 66 பேருக்கு இப்படி நேர்ந்ததை வெளியிட்டார். ஆபரேஷனுக்குமுன் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்ற விதி வலுப்பெற்றது இதற்குப் பின்தான். குழாயின் நுனியில் ஊதி உப்பவைக்கும் சிறு பை, இந்த ஆபத்தைத் தடுக்கும் அணை. அதையும் அளவு மீறி ஊதினால் மூச்சுக்குழலின் சுவரில் ரத்த ஓட்டம் தடைப்படும். இவை தவிர, பல் உடைவதும் உதடு கிழிவதும் குரல் கம்முவதும் உண்டு.

இருபது நிமிஷம்

2005-ல் இங்கிலாந்தில் நடந்த சம்பவம் இது. மூக்கை ஒட்டிய சைனஸ் கோளாறுக்காக ஒரு பெண்மணி ஆபரேஷனுக்கு வந்தார். மயக்கம் கொடுத்தபின் லாரிஞ்சியல் மாஸ்க் சரியாக அமரவில்லை. ரத்தத்தில் பிராணவாயு மளமளவென்று இறங்கியது. அனுபவம் மிக்க டாக்டர்கள் கூடினார்கள். குழாயைச் செலுத்த மீண்டும் மீண்டும் முயன்றார்கள். இருபது நிமிஷத்துக்கு மேல் கழிந்தது.

அந்த நிலையில் ஒரே வழி, கழுத்தின் முன்புறம் சிறு துளையிட்டு மூச்சுக்கு வழி செய்வது. அதற்கான உபகரணங்களை ஒரு நர்ஸ் கொண்டுவந்தும் வைத்தார். ஆனால் குழாய் ஒன்றிலேயே மனத்தை வைத்திருந்த டாக்டர்களின் கவனம் அதில் திரும்பவில்லை. உரக்கச் சொல்லவும் யாரும் துணியவில்லை. அந்தப் பெண்மணி பிறகு கண் விழிக்கவே இல்லை. சில நாட்களில் காலமானார்.

அவருடைய கணவர் விமானி. அவர் யாரையும் தண்டிக்கக் கோரவில்லை. "விமான விபத்தை ஆராய்வதுபோல் இதையும் ஆராயுங்கள்; மற்றவர்கள் பாடம் கற்கட்டும்" என்பதே அவருடைய வேண்டுகோளின் சாரம். அந்தப் பாடம் இன்று பல நாட்டு டாக்டர்களுக்குப் போதிக்கப்படுகிறது: ஒரு முறை பலிக்காவிட்டால் அதையே பிடித்துக்கொண்டிராதே, அடுத்ததற்குப் போ, சிறியவர் சொன்னாலும் காது கொடு.

பயம் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்

இதையெல்லாம் படித்துவிட்டு ஆபரேஷனுக்கே அஞ்ச வேண்டியதில்லை. பிரிட்டனில் ஓராண்டு முழுவதும் கணக்கெடுத்து 2011-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, சுமார் 29 லட்சம் மயக்கங்களில் மூச்சு வழி சம்பந்தமான பெரும் ஆபத்து நேர்ந்தது 133 பேருக்கு. இறந்தவர்கள் 16 பேர். அபூர்வந்தான். ஆனால் இறந்தவர்களில் பலருக்கு எமனாக வந்தது, இரைப்பையிலிருந்து மேலேறி நுரையீரலில் இறங்கிய பொருளே என்பதை மறக்கலாகாது.

ஆகவே நோயாளிக்கும் ஒரு கடமை உண்டு. திட உணவும் பாலும் ஆறு மணி நேரத்துக்குமுன் நின்றுவிட வேண்டும். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்குமுன். டாக்டர் வேறு விதமாகச் சொன்னால் அதன்படி நடக்க வேண்டும். "ஒரு வாய் காபிதானே!" என்று பரிவோடு ஊற்றிக் கொடுக்கும் உறவினர், தெரியாமலே தீமை செய்கிறார். குடித்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவதே மேல். ஆபரேஷன் சற்றுத் தள்ளிப் போகலாம், அவ்வளவுதான்.

ஆடும் பல், கட்டிய பல், பலத்த குறட்டை, கழுத்துப் பிடிப்பு, முன்பு ஆபரேஷனில் குழாய் வைக்கச் சிரமப்பட்டது எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். "வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டுங்கள்" என்று அவர் கேட்பது வீண் வேலையல்ல. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய டாக்டர் மல்லம்பட்டி 1985-ல் வகுத்துக் கொடுத்த சோதனை அது. குழாய் சுலபமாக நுழையுமா என்பதை முன்கூட்டி ஊகிக்க அது உதவுகிறது.

காவல்காரனை நிறுத்துவது டாக்டரின் பொறுப்பு. வீட்டில் எந்தக் கதவு சரியாக மூடாது என்பதை அவனுக்கு மறைக்காமல் சொல்வது வீட்டுக்காரரின் பொறுப்பு!