சொட்டு நீர்க் குழாய்களில் ஒழுக்கும் அடைப்பும்: அழுத்தமானியால் அறியும் முறை

சொர்ணாவூர் அணைக்கட்டினின்று பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கு நீர் வருவதும், சங்கராபரணி ஆற்றினின்று சுத்துக்கேணி வாய்க்கால் வழியே ஊசுட்டேரிக்கு நீர் வருவதும் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் விவசாயிகள் யாவரும் அறிந்ததே. வாய்க்காலின் கரை உடைந்தால் நீர் வீணே ஓடுவதைக் கண்ணால் காண்கிறோம்; வாய்க்கால் தூர்ந்தால் மேல்மடையில் நீர் தேங்கிக் கடைமடை காய்வதையும் காண்கிறோம். சொட்டு நீர்ப் பாசனத்திலும் இவ்விரு கேடுகளே நேருகின்றன. ஆனால் அவை மண்ணுக்குள்ளும் குழாய்க்குள்ளும் மறைந்து நிகழ்வதால், பயிர் வாடும் வரையில் பலர் அறிவதில்லை. அறிந்த பின்னரும் மோட்டார்மீது குறைகூறி, அதனிலும் பெரிய மோட்டாரை வாங்கிப் பொருள் நஷ்டம் அடைகின்றனர். இதனைத் தவிர்க்கும் கருவி, வடிகட்டியின் முன்னும் பின்னும் பொருத்தப்படும் அழுத்தமானியேயாகும்.

அழுத்தமானி கூறும் செய்தி மூவகைப்படும். முதலாவது, முள் வழக்கத்திற்கு மேல் ஏறி நீர் குறைந்தால், மானிக்கு அப்பால் அடைப்பு உண்டு. இரண்டாவது, முள் இறங்கி, மோட்டார் முன்னிலும் அதிக நீரை இறைத்தால், மானிக்கு அப்பால் ஒழுக்கு உண்டு. மூன்றாவது, அழுத்தமும் நீரும் ஒருங்கே குறைந்தால், கோளாறு மானிக்கு முன்னரே, அதாவது கிணற்றின் நீர்மட்டத்திலோ, பம்பிலோ, அதன் குழாயிலோ இருக்கிறது. இம்மூன்றையும் பகுத்தறிவதற்குச் சாதனம் புதிதாக இருக்கும்போதே ஒவ்வொரு வயற்பகுதியையும் தனித்தனியே ஓட்டி, முள் நின்ற அளவையும் தேதியையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தல் அவசியம். பழைய அளவு தெரியாதவனுக்கு இன்றைய அளவு ஒன்றும் சொல்லாது.

கோளாறு தோன்றினால் எல்லா மூடிகளையும் ஒரே சமயத்தில் கழற்றிப் பார்ப்பது வீண் வேலை. வரிசையாகத் தேடவேண்டும். முதலில் வடிகட்டியின் இரு மானிகளையும் ஒப்பிடுக. கழுவிய வடிகட்டியில் வித்தியாசம் சொற்பமாகவே இருக்கும். அது சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோவை எட்டுமுன் வடிகட்டியைக் கழுவிவிட வேண்டும். அதன்பின் ஒவ்வொரு பகுதியின் வால்வையும் தனித்தனியே திறந்து, பழைய குறிப்போடு ஒப்பிடுக. எல்லாப் பகுதிகளிலும் வேறுபாடு காணின் குற்றம் தலைப்பில் உள்ளது; ஒரு பகுதியில் மட்டும் காணின் அப்பகுதியிலேயே உள்ளது. அங்கும் துணைக் குழாய், பக்கக் குழாய், சொட்டுவான் என்று முறையே சென்றால் இடம் அகப்படும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஒழுக்கும் அடைப்பும் ஒரே பகுதியில் சேர்ந்திருந்தால், ஒன்று முள்ளை இறக்க, மற்றொன்று ஏற்ற, மானி சரியான அளவையே காட்டிநிற்கும். ஆகையால் மாதம் ஒருமுறை சொட்டுவானையும் அளந்து பார்க்கவேண்டும். மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான், தனக்குரிய அழுத்தத்தில், 3 நிமிஷத்தில் 200 மில்லிலிட்டர் நீர் தரவேண்டும். வரிசையின் தலைப்பிலும், நடுவிலும், கடைசியிலும் குவளை வைத்து அளந்தால் உண்மை வெளியாகும்.

சிறிய ஒழுக்குத்தானே என்று அசட்டை செய்தலாகாது. நிமிஷத்திற்கு 10 லிட்டர் வாளி ஒன்றை நிரப்பும் ஓட்டை மணிக்கு 600 லிட்டரை வீணாக்குகிறது. அது 150 சொட்டுவான்களின் பங்காகும். ஒழுக்கை நிறுத்துமுன் மோட்டாரை நிறுத்தி, அழுத்தம் தணிந்த பின்னரே இணைப்பைத் தொடுக. பெரும்பாலும் தேய்ந்த ரப்பர் வளையமே காரணமாதலால் வளையத்தை மாற்றுக. பலங்கொண்டு முறுக்கினால் மரை கெடும். எலியும் அணிலும் கடித்த இடத்தை வெட்டியெறிந்து இணைப்பான் போடுக.

அடைப்பின் காரணத்தை அதன் நிறமே ஒருவாறு உணர்த்தும். வெண்மையாய்ப் படிவது சுண்ணாம்பு, செந்நிறம் இரும்பு, வழவழப்பானது பாசியும் நுண்ணுயிரும். மண்ணும் தூசியுமாயின் பக்கக் குழாய்களின் கடைமுனையைத் திறந்து, தெளிந்த நீர் வரும் வரையில் விடுதல் போதும். சுண்ணாம்புக்கு அமிலமும், பாசிக்குக் குளோரினும் பயன்படும். ஆயினும் நீரைப் பரீட்சித்து, உழவர் உதவியகத்திலோ குருமாம்பேட் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ அளவு கேட்டறிந்த பின்னரே இடவேண்டும். அமிலத்தை நீரில் சிறிது சிறிதாக ஊற்றுக. அமிலத்தின்மேல் நீரை ஒருபோதும் ஊற்றலாகாது. அமிலத்தையும் குளோரினையும் சேர்த்தால் உயிரைப் போக்கும் விஷவாயு எழும். உரமும் அமிலமும் கிணற்றுக்குள் திரும்பிச் செல்லாதபடி, பின்னோட்டம் தடுக்கும் வால்வு நல்ல நிலையில் இருத்தலும் இன்றியமையாதது.

பெரிய மோட்டார் ஏன் பரிகாரமாகாது? சாதாரணச் சொட்டுவானில் நீரை இருமடங்காக்க அழுத்தத்தை ஏறத்தாழ நான்கு மடங்காக்க வேண்டும். அடைபட்ட துவாரத்தில் அப்போதும் நீர் செவ்வனே வாராது. நல்ல இணைப்புகளே முதலில் பிளக்கும்.

கடலோரத்தை அடுத்த மணப்பட்டு, மூர்த்திக்குப்பம் போன்ற ஊர்களில் நன்னீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் உட்புகும். ஆதலின் அங்கே ஒழுகும் நீர் ஒருவருடைய நஷ்டம் மட்டுமன்று. அண்டை நிலத்தாரின் கிணற்றையும் பாதிப்பதாகும். மானியம் பெற்றுச் சாதனம் அமைத்த நிலங்களைப் பார்வையிடும் கிராம அதிகாரிகள், குழாய் இருக்கிறதா என்று மட்டும் பாராமல், மானியின் முள் நகருகிறதா, குறிப்புப் புத்தகம் எழுதப்படுகிறதா என்றும் விசாரிப்பார்களாயின், ஊருக்குப் பெரும் நன்மை விளையும்.